தொழிற்சங்கத் தேர்தலில் நிற்க யாருக்குத் தகுதி?

தொழிற்சங்கத் தேர்தல் என்றதும் நமக்கு வாக்குப்பதிவு நாள்தான் நினைவுக்கு வரும். கொடி, துண்டறிக்கை, வாயிற்கூட்டம், எண்ணிக்கை முடிந்ததும் மாலை. ஆனால் தலித் தொழிலாளி போட்டியிட வரும் பல சங்கங்களில் தேர்தல் அதற்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிடுகிறது. வேட்புமனு பரிசீலனை நாளில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் “உங்களுக்குத் தகுதி இல்லை” என்று சொல்லி மனுவைத் திருப்பித் தருகிறார். போட்டியிட்டுத் தோற்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். நிற்கவே விடவில்லை என்றால், நம் பக்கம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுகூட வெளியே தெரியாமல் போய்விடும்.

‘தகுதி’ என்ற சொல் மாணவத் தோழர்களுக்குப் புதிதில்லை. இடஒதுக்கீடு பற்றிப் பேசும்போதெல்லாம் நம் முகத்தில் எறியப்படும் சொல் அது. கல்லூரியில் அதை எதிர்கொள்ளப் பழகியிருக்கிறோம். சங்க அலுவலகத்தில் அதே சொல் விதிமுறைப் புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டு வரும்போது பலருக்கும் அடையாளம் தெரிவதில்லை. ஆகவே இதைச் சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

சங்க நிர்வாகியாக வருபவரிடம் சட்டம் கேட்பது மிகக் குறைவு. 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர் என்றால், விடுதலையாகி 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். அமைச்சராக இருப்பவர் நிர்வாகியாக முடியாது. நிர்வாகிகளில் பெரும்பகுதியினர் அந்தத் தொழிலில் உண்மையிலேயே வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். அமைப்புசாராத் துறையில் குறைந்தது பாதிப்பேர். மற்ற துறைகளில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த அடிப்படைகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது.

இவ்வளவுதான். படிப்பு கேட்கவில்லை. நிரந்தரப் பணி கேட்கவில்லை. இத்தனை ஆண்டு சர்வீஸ் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்றால், ஒவ்வொரு சங்கமும் தனக்கென எழுதிக்கொள்ளும் விதிகளிலிருந்து. யார் உறுப்பினர், யார் வாக்களிக்கலாம், யார் நிற்கலாம், எத்தனை மாதச் சந்தா பாக்கி இருந்தால் மனு தள்ளுபடி என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அந்த விதிகளை எழுதிய பொதுக்குழுவில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் களப்பணி செய்த ஒரு நகரத்தில், தூய்மைப் பணியாளரான ஒரு அக்கா பொருளாளர் பொறுப்புக்கு மனு கொடுத்தார். தொடர்ந்து 3 மாதம் சந்தா பாக்கி வைத்தவர் நிற்க முடியாது என்று விதி. நிரந்தரப் பணியாளர்களுக்குச் சந்தா சம்பளத்திலேயே பிடித்தம் ஆகிவிடும். ஒப்பந்தப் பணியாளர்கள் மேஸ்திரியிடம் கையில் கொடுக்க வேண்டும். அவர் சேர்த்து வைத்துச் செயலாளரிடம் தருவார், செயலாளர் நேரம் கிடைக்கும்போது பதிவேட்டில் எழுதுவார். பரிசீலனை நாளில் அக்காவின் பெயருக்கு நேரே 4 மாதம் காலியாக இருந்தது. “மாசாமாசம் கையில குடுத்தேன் சார். ரசீது கேட்டா மேஸ்திரி மூஞ்சிய சுளிப்பாரு” என்றார். தேர்தல் அதிகாரி, ரசீது இருந்தால் காட்டுங்கள் என்று மறுபடியும் கேட்டார். அந்தத் தேர்தல் அதிகாரியை நியமித்தது அப்போதைய செயற்குழு. பதிவேடு இருந்தது செயலாளர் வீட்டில். அவர் அந்த முறையும் போட்டியிட்டார்.

இந்தக் கதையில் யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. யாரும் விதியையும் மீறவில்லை. விதி எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் விதியை நிறைவேற்றும் வழி ஒருவருக்குச் சம்பளச் சீட்டிலும் இன்னொருவருக்கு மேஸ்திரியின் சட்டைப் பையிலும் இருந்தது. சந்தா என்ன பெரிய தொகையா? 2001 திருத்தத்தின்படி குறைந்தபட்சச் சந்தாவே கிராமப்புறத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 1 ரூபாய், மற்ற அமைப்புசாராத் தொழிலாளருக்கு 3 ரூபாய், ஏனையோருக்கு 12 ரூபாய் என்றுதான் பழைய சட்டத்தில் இருந்தது. ஏழைத் தொழிலாளி சங்கத்துக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்பதால்தான் தொகையை இவ்வளவு கீழே வைத்தார்கள். அதே சந்தாவைக் காட்டித்தான் இன்று அவரது மனு தள்ளுபடியாகிறது.

அடுத்த ஆயுதம் ‘இவர் நம் ஊழியரே இல்லை’ என்பது. தூய்மைப் பணியில் இதுதான் அதிகம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். பெரும்பாலோர் தலித் பெண்கள். பல ஆண்டுகளாக மாநகராட்சியின் தெருக்களைச் சுத்தம் செய்தவர்கள். தனியாரிடம் தள்ளாதே, பணியை நிரந்தரமாக்கு என்று கேட்டவர்களை ஆகஸ்ட் 13 நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். இவர்கள் யாருடைய தொழிலாளர்கள் என்ற கேள்விக்கு மாநகராட்சி ஒரு பதிலும், ஒப்பந்தக்காரர் ஒரு பதிலும் வைத்திருப்பார்கள். நிரந்தர ஊழியர்களின் சங்கமும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் இவர்கள் எங்கே போய் நிற்பது?

இங்கே சட்டத்தின் சொற்களைக் கவனிக்க வேண்டும். சங்கம் எந்தத் தொழிலோடு தொடர்புடையதோ அந்தத் ‘தொழிலில்’ உண்மையில் ஈடுபட்டிருப்பவர் அல்லது வேலை செய்பவர் என்றுதான் 1926 சட்டம் உறுப்பினரை வரையறுத்தது. குறிப்பிட்ட முதலாளியின் நிரந்தர ஊழியர் என்று சொல்லவில்லை. நகரத் தூய்மைப் பணி ஒரு தொழில் என்றால், துடைப்பத்தைப் பிடித்திருக்கும் கை யாருடைய மஸ்டர் ரோலில் இருந்தாலும் அது அந்தத் தொழிலில் இருக்கும் கைதான். ஒப்பந்தத் தொழிலாளியை முழு உறுப்பினராக்கச் சட்டத்தில் தடை இல்லை. தடை இருப்பது சங்கத்தின் விதியில், அதாவது மாற்றக்கூடிய இடத்தில்.

‘தொழில்’ என்ற சொல் எப்படியும் வளையும் என்பதையும் மறக்கக் கூடாது. சென்னை, உதகை ஆளுநர் மாளிகைகளின் வீட்டுப் பணியாளர்களும் தோட்டக்காரர்களும் சங்கம் பதிவு செய்யக் கேட்டபோது மறுக்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டது. அவர்கள் செய்வது தொழில், வணிகம் எதிலும் சேராது என்பது காரணம். சமையல், துப்புரவு, தோட்டம் ஆகியவை வேலையாகவே எண்ணப்படாத மனநிலையை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது, வேலைநீக்கம். சங்கத்தில் வாய் திறக்கும் தலித் தொழிலாளியை நிர்வாகம் முதலில் வேலையிலிருந்து எடுக்கும். பிறகு சங்கத்தில் உள்ள எதிரணி, அவர் இப்போது தொழிலாளியே இல்லையே என்று கேட்கும். ஓய்வு பெற்றவரையும் ஆட்குறைப்பில் அனுப்பப்பட்டவரையும் வெளியாளாகக் கருதக் கூடாது என்று சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவரை அது பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. இந்த இடைவெளிதான் வழக்கமாகப் பயன்படுத்தப்படுகிறது. இதற்கு எதிராக நம் கையில் ஒரு வலுவான தீர்ப்பு இருக்கிறது. அசாமின் பொகாஜான் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் சங்க வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம், வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உறுப்பினராகச் சேரும் நேரத்துக்கானது என்று சொன்னது. வேலை போனால் உறுப்பினர் தகுதியும் போகும் என்று சங்க விதியில் இல்லாதவரை அது தானாகப் போய்விடாது. ஆகவே உங்கள் சங்க விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் யாரும் புதிதாக நுழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியாட்கள் பற்றி நம்மிடையே இரண்டு கருத்து உண்டு. 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையே ஆலைக்கு வெளியிலிருந்துதான் வந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தறி ஓட்டியவர்கள் இல்லை. வெளியிலிருந்து வரும் படித்த தலைவர்கள் நம் ஆட்களை என்றென்றைக்கும் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்களாகவே வைத்திருக்கிறார்கள் என்ற கோபம் நியாயமானது. அதற்காக வெளியாட்கள் இடத்தையே ஒழித்துவிட வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. வேலைநீக்கம் செய்யப்பட்ட நம் தோழர் செயற்குழுவுக்குள் நுழையக் கடைசியாக மிஞ்சும் கதவு அதுதான். அந்த ஒன்றிரண்டு இடங்கள் யாருக்குப் போகின்றன என்பதில்தான் நாம் சண்டை போட வேண்டும்.

நான்காவது, வழக்கு. மறியல் செய்தாலும், சேரிக்குப் பாதை கேட்டாலும் நம் இளைஞர்கள் மீது முதல் தகவல் அறிக்கை விழுகிறது. தேர்தல் வரும்போது, அவர் மேல் கேஸ் இருக்கிறதே என்று ஒரு குரல் எழும். வழக்கு நிலுவையில் இருப்பதைச் சட்டம் தகுதியிழப்பாகச் சொல்லவில்லை. குற்றம் நிரூபணமாகிச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குற்றமும் ஒழுக்கக்கேடு சார்ந்ததாக இருக்க வேண்டும். பாதை கேட்டு உட்கார்ந்ததில் என்ன ஒழுக்கக்கேடு என்று திருப்பிக் கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

சரி, மனு தள்ளுபடியானால் நீதிமன்றம் போகலாமே? போகலாம். ஆனால் பழைய ஏற்பாட்டில் அந்தப் பாதை எப்படி இருந்தது என்று பாருங்கள். தொழிற்சங்கப் பதிவாளருக்குத் தேர்தல் தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. அவர் படிவங்களைப் பதிவு செய்பவர். மிச்சம் இருந்தது உரிமையியல் நீதிமன்றம். அங்கே நடந்துகொண்டிருக்கும் தேர்தலில் குறுக்கிடத் தயக்கம் உண்டு. பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் தன் மனு தள்ளுபடியானதை எதிர்த்துப் போன பொன்னுசாமி வழக்கில், 1952-ல் உச்ச நீதிமன்றம், தேர்தல் முடிந்த பிறகு வா என்றது. அது அரசியல் சட்டம் பொதுத் தேர்தலுக்கு மட்டும் போட்ட தடை. தொழிற்சங்கத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் ‘முதலில் தேர்தல் முடியட்டும்’ என்ற மனப்போக்கு சங்க வழக்குகளிலும் காணப்படுகிறது. பழைய சட்டத்தில் நிர்வாகிகளின் பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. வழக்கு அதைவிட அதிகம் இழுக்கும். தீர்ப்பு வரும்போது அந்தப் பதவியே காலாவதியாகியிருக்கும்.

புதிய தொகுப்பில் நாம் எதிர்க்க வேண்டியவை ஏராளம். வேலைநிறுத்த உரிமையை அது நெரித்திருப்பது பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் அதன் 22-வது பிரிவை நாம் படித்தே ஆக வேண்டும். சங்கத்தின் பதிவு, நிர்வாகம், நிர்வாகிகள் தேர்தல் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு வந்தால் தொழில் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். உறுப்பினராகச் சேர்க்க மறுக்கப்பட்ட தொழிலாளியும் கொடுக்கலாம். உயர் நீதிமன்றம் தவிர வேறு உரிமையியல் நீதிமன்றம் இதை விசாரிக்க முடியாது. சேர்க்கவே மறுக்கப்பட்டவருக்கு இப்படி வெளிப்படையாக ஒரு வாசல் திறந்திருப்பது நமக்கு முக்கியம். தீர்ப்பாயங்களில் போதிய நீதிபதிகள் இருப்பார்களா, மனு எத்தனை மாதத்தில் முடியும் என்பதெல்லாம் நாம் அழுத்தம் கொடுக்க வேண்டிய விஷயங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மிரட்டி வேட்புமனு கொடுக்க விடாமல் தடுப்பதையும், கொடுத்ததைத் திரும்பப் பெற வைப்பதையும், அவர்களை முன்மொழிய விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஊராட்சித் தேர்தல், சட்டமன்றத் தேர்தல் என்று அந்த உட்பிரிவு தன்னைச் சுருக்கிக்கொள்ளவில்லை. எந்தத் தேர்தலும் என்றே பேசுகிறது. சங்கத் தேர்தலில் மிரட்டல் நடந்தால் இந்தப் பிரிவை வைத்து வாதாட இடம் இருக்கிறது. சந்தா பாக்கி என்று மனுவைத் தள்ளுவதற்கு இது பொருந்தாது. வீடு தேடி வந்து மனுவை வாபஸ் வாங்கு என்பதற்குப் பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி வரும். நம்மை நிற்கவிடாத சங்கத்தில் ஏன் மல்லுக்கட்ட வேண்டும், தனியாகச் சங்கம் வைத்துக்கொள்ளலாமே? வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கீகாரம் வேறு விஷயம். ஒன்றிய அரசு ஊழியர் சங்கங்களை அங்கீகரிக்கும் 1993-ம் ஆண்டு விதிகள், சாதி, பழங்குடி, மத அடிப்படையில் அமையும் சங்கத்துக்கு அங்கீகாரம் தருவதில்லை. தொழிற்சாலைகளில் புதிய தொகுப்பின்படி 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம் ஆகும். பெரும்பாலான இடங்களில் நாம் எண்ணிக்கையில் அந்த அளவு இல்லை. வெளியே தனியாக நின்றால் அங்கீகாரம் இல்லை, உள்ளே நின்றால் தகுதி இல்லை. உள்ளே இருக்கும் பூட்டை உடைப்பது அதனால்தான் அவசியமாகிறது.

உடனே சில தோழர்கள் சொல்வார்கள்: சாதியைச் சங்கத்துக்குள் கொண்டுவராதீர்கள், வர்க்க ஒற்றுமை உடையும். அந்த ஒற்றுமை எப்போது முழுதாக இருந்தது? 1920-களின் பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோர் நுழைய முடியாது. தறியில் நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், தீட்டுப்பட்டுவிடும் என்றார்கள். நல்ல கூலி அங்கேதான் இருந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். நம் ஊரில் 1921-ல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக முடிந்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களைக் கருங்காலிகள் என்று எழுதிய கைகள், அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவுகளைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. 1938-ல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்று அம்பேத்கர் பேசியது இந்த அனுபவத்திலிருந்துதான். சங்கம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டார்.

தகுதி விதிகளே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் தேர்தலுக்கு முதல் நாள் நிர்வாகம் தன் ஆட்களை லாரியில் ஏற்றி வந்து உறுப்பினராக்கிவிடும். விதி வேண்டும். ஆனால் எந்த விதியையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். அது பதிவு செய்யப்பட்ட விதிகளில் எழுத்தில் இருக்கிறதா, அல்லது பரிசீலனை நாளில் முளைத்ததா? எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தப்படுகிறதா? அதை நிறைவேற்றும் வழி தொழிலாளியின் கையில் இருந்ததா, வேறொருவர் கையில் இருந்ததா? அந்த அக்காவின் மனு மூன்றாவது கேள்வியில்தான் விழுந்தது.

படித்த இளைஞர்கள் இதில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டில், தெருவில் நகராட்சியிலோ போக்குவரத்துக் கழகத்திலோ ஆலையிலோ வேலை செய்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் சங்கத்தின் பதிவு செய்யப்பட்ட விதிகளைக் கேட்டு வாங்குங்கள். சங்கம் தராவிட்டால் தொழிலாளர் துறையில் உள்ள பதிவாளரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தேர்தல் பற்றிய பக்கத்தை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். உறுப்பினர் பட்டியலையும் கணக்குப் புத்தகத்தையும் பார்வையிட ஒவ்வொரு உறுப்பினருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. 1926 சட்டத்தின் 20-வது பிரிவில் இருந்த இந்த உரிமை புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. தேர்தல் அறிவிப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே போய்ப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால், சந்தா ஏறாமல் இருந்தால், அப்போதே எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். தீர்ப்பாயத்தில் நிற்கும்போது அந்த நகல்தான் பேசும்.

பொதுக்குழுவில் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் முழு உறுப்பினர், நிற்கவும் வாக்களிக்கவும் உரிமை உள்ளவர் என்று விதியில் எழுத வேண்டும். சந்தாவுக்கு அந்த இடத்திலேயே ரசீது தர வேண்டும். பாக்கி இருந்தால் முன்கூட்டி அறிவித்து, கட்ட அவகாசம் தர வேண்டும். தேர்தல் அதிகாரி பதவியில் இருக்கும் அணியின் ஆளாக இருக்கக் கூடாது. தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், வாக்குப்பதிவுக்கு முன் மேல்முறையீட்டுக்கு நாள் ஒதுக்க வேண்டும். சட்டம் செயற்குழுவில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கவில்லை. ஒதுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. சமத்துவம் பேசும் சங்கங்கள் தங்கள் விதியிலேயே அதை எழுதிக் காட்டட்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய பணமோ பெரிய வக்கீலோ தேவையில்லை. முதல் வேலையை இந்த மாதமே தொடங்கலாம். உங்கள் அம்மா, அப்பா, அக்கா சங்கச் சந்தா கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரசீது வாங்கிய பிறகு அங்கிருந்து நகருங்கள்.

ஜெய்பீம்.